வெட்டி ஒட்டுகிற வேலையா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். டிஜிட்டல் கதைசொல்லல், அதாவது தன் கதையை எழுதி, தன் குரலிலேயே பதிவு செய்து, படங்களோடு சேர்த்துச் சிறு காணொளியாக்குவது, வகுப்பறையில் கற்றலுக்குத் துணை என்று பேச வந்தேன். ஆனால் எதிரணித் தோழர் போகிறபோக்கில் ஒன்றைச் சொன்னார்: "அது வெட்டி ஒட்டுகிற வேலை. படம் காட்டுகிறவனுக்கு மார்க், படிக்கிறவனுக்கு நாமம்!" கைதட்டினீர்கள். மற்றதெல்லாம் இருக்கட்டும், இதற்கே பதில் சொல்கிறேன்.

1994-இல் ஜோ லாம்பர்ட், டேனா ஆட்ச்லி முதலானோர் சான்பிரான்சிஸ்கோவில் இதற்கென ஒரு மையம் தொடங்கினார்கள். அவர்கள் வளர்த்த முறையில் வெட்டுவதும் ஒட்டுவதும் பிறகுதான். முதலில் வட்டமாக உட்கார்ந்து, எழுதியதை வாய்விட்டுப் படிக்க வேண்டும். மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள்.

அப்படி ஒரு வட்டத்தில் நானும் இருந்தேன். என் வகுப்புத்தோழியின் அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுது. ரத்தத்திலிருந்து யூரியா போன்ற கழிவை இயந்திரத்தால் அகற்றும் டயாலிசிஸ் வாரம் 3 நாள், ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம். அதை 3 நிமிடக் கதையாக எழுதியிருந்தாள். படிக்கிறாள்: "சவ்வூடுபரவலால் அப்பாவின் ரத்தத்திலிருந்து யூரியா வெளியேறுகிறது." பரீட்சையில் இதே வரியை எழுதி மார்க் வாங்கியவள்! பக்கத்திலிருந்தவன் கேட்டான்: "சவ்வூடுபரவல்னா தண்ணிதானே நகரும்? இங்க நகர்றது யூரியாவாச்சே?"

தண்ணிதானே நகரும்! அவளுக்கு வாயடைத்துப்போனது. எங்களுக்கும்தான். நாங்களும் அதே வரியை எழுதியவர்கள். ராத்திரி முழுக்கப் புத்தகத்தைப் புரட்டினாள். ரத்தத்தில் யூரியா செறிவு அதிகம், இயந்திரத்தில் உள்ள மெல்லிய சவ்வுக்கு அந்தப் பக்கத்துத் திரவத்தில் இல்லை. அதனால் அது தானாகவே அங்கே பரவுகிறது. அதற்குப் பெயர் விரவல். அந்தச் சவ்வூடுபரவல் வரியையும், யூரியாவை இயந்திரம் உறிஞ்சி எடுப்பதாக எழுதியிருந்த பத்தியையும் அடியோடு அடித்தாள். பிறகு மின்விசிறியை நிறுத்தி, போர்வைக்குள் புகுந்து, போனில் 11 முறை பதிவு செய்தாள். ஒவ்வொரு முறையும் "அப்பா" என்ற இடத்தில் குரல் உடைந்தது. கடைசியில் உடைந்த குரலையே வைத்துக்கொண்டாள்.

தோழரே, அவள் வெட்டியது எதை? தப்பாகப் படித்த ஒரு வரியை! மார்க் வாங்கித் தந்த வரியை!

எல்லாப் பாடத்துக்கும் இது ஒத்துவராது, நேரமும் பிடிக்கும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நடுவர் அவர்களே, அந்தக் கதையை அவள் அப்பாவுக்குப் போட்டுக் காட்டினாள், பக்கத்தில் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே. ஊசி ஏறாத கையால் போனைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். "இத்தனை வருஷத்துல எனக்கு யாரும் இதைச் சொன்னதே இல்லையேம்மா" என்றார். அப்புறம், "இன்னொரு தடவை போடு" என்றார்.