கூரையின் எடை எங்கே போகிறது?

அனைவருக்கும் வணக்கம். அழைப்பிதழில் ‘மேற்கத்தியக் கட்டடக்கலை வரலாறு’ என்று போட்டுவிட்டார்கள். அத்தனையையும் நாற்பது நிமிடத்தில் சொல்லப் போனால் ரோமனெஸ்க், கோதிக், மறுமலர்ச்சி, பரோக் என்று நடத்துநர் நிறுத்தங்களைக் கூவுவதுபோல ஆகிவிடும். அதனால் ஒரே கேள்வியைப் பிடித்துக்கொள்கிறேன். கூரையின் எடை எங்கே போகிறது?

ஒரு மூங்கில் பிளாச்சை வளைத்துத் தரையில் ஊன்றி, உச்சியில் கையை வைத்து அழுத்திப் பாருங்கள். இரண்டு காலும் வெளிப்பக்கம் விலகும். வளைவின் குணமே அதுதான். எடையைக் கீழே இறக்குவதோடு நிற்காது, பக்கவாட்டிலும் தள்ளும். அந்தத் தள்ளலை யார் தாங்குவது?

ரோமானியர்களின் பதில், தடித்த சுவர். 126ஆம் ஆண்டு வாக்கில், பேரரசர் ஹாட்ரியன் காலத்தில் ரோம் நகரில் முடிந்த பாந்தியன் கோயிலின் குவிமாடம் 43 மீட்டர் அகலம். உள்ளே ஒரு கம்பிகூடக் கிடையாது, வெறும் கான்கிரீட். மேலே போகப் போக எடை குறைய வேண்டும் என்று கலவையில் நுரைக்கல் சேர்த்திருக்கிறார்கள். உச்சியைத் திறந்தே விட்டுவிட்டார்கள். மழை பெய்தால் உள்ளே நனையும், தண்ணீர் போகத் தரையில் துளைகள் உண்டு. சுவர் மட்டும் சுமார் 6 மீட்டர் தடிமன். அப்படிப்பட்ட சுவரில் ஜன்னல் வைப்பது லேசான காரியமா?

அடுத்து ஆயிரம் ஆண்டைத் தாண்டிவிடுவோம். பாரிஸுக்குப் பக்கத்தில் சான் தெனி மடாலயம். அதன் தலைவர் சூஜேருக்கு வெளிச்சத்தின் மேல் தீராத ஆசை. இறைவன் ஒளியாக இருக்கிறான், அவனுடைய வீடு இருட்டாக இருப்பதா என்பது அவர் வாதம். 1144இல் அவர் எழுப்பிய பீடப் பகுதியில்தான் கோதிக் பாணி தொடங்குகிறது என்பார்கள். ‘கோதிக்’ என்பது உண்மையில் வசைச்சொல். பிற்காலத்து இத்தாலியர்கள், காட்டுமிராண்டிகளான கோத்து இனத்தாரின் வேலை இது என்று கேலி செய்து வைத்த பெயர்.

என்ன செய்தார்கள்? அரைவட்ட வளைவின் உயரம் அதன் அகலத்தில் பாதி, அவ்வளவுதான். உச்சியைக் கூராக்கினால் அதே அகலத்துக்கு வேண்டிய உயரம் போகலாம், பக்கவாட்டுத் தள்ளலும் குறையும். கூரைக்கு எலும்புக்கூடு மாதிரிக் கல் விலாக்கள் கட்டி, இடைவெளியை மெல்லிய கல்லால் மூடினார்கள். மிச்சமிருக்கும் தள்ளலுக்குச் சுவருக்கு வெளியே தூண் நிறுத்தி, அதிலிருந்து கை நீட்டியதுபோல முட்டுக் கொடுத்தார்கள். சாயும் வேலிக்கு நாம் கவைக்கம்பு கொடுப்பதில்லையா, அதேதான். சுவருக்குச் சுமக்கும் வேலை போனது, அந்த இடத்தில் வண்ணக் கண்ணாடி வந்தது. நம் சாந்தோம் பேராலயத்தின் கூர் ஜன்னல்கள் இந்தப் பாணியை மீட்டெடுத்த 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, 1896.

சரி, சூத்திரம் கையில் வந்ததும் போட்டி தொடங்கியது. பாரிஸின் நோத்ர தாம் பேராலயத்தின் உள்கூரை உயரம் சுமார் 33 மீட்டர். சார்த்ர் ஊர்ப் பேராலயம் 37. அமியன் ஊருடையது 42. போவே என்ற ஊர்க்காரர்கள் 1225இல் அடிக்கல் போட்டு 48 மீட்டர் என்றார்கள். பதினாறு மாடி வரும். கம்பியில்லை, கணக்குப் போடக் கணினியில்லை. கல்தச்சரின் கண்ணும் அனுபவமும்தான்.

1272இல் பீடப் பகுதி முடிந்தது. பன்னிரண்டே ஆண்டுகளில், 1284இல், கூரையின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. அடித்தளமா, காற்றா, முட்டுகள் மெலிந்திருந்தனவா என்று இன்றுவரை வாதம் ஓயவில்லை. அந்த ஊர்க்காரர்கள் உயரத்தைக் குறைக்கவில்லை. இரண்டு தூண்களுக்கு நடுவே இன்னொரு தூண் என்று செருகி, அதே உயரத்துக்குத் திரும்பக் கட்டினார்கள். பிடிவாதம் என்பீர்களோ, பக்தி என்பீர்களோ!

அதோடு விட்டார்களா? 1569இல் நடுவில் 153 மீட்டர் கோபுரம் எழுப்பினார்கள். அன்றைக்கு உலகிலேயே அதுதான் உயரம். ஆனால் கிழக்கே முட்டுக் கொடுக்கப் பீடப் பகுதி இருந்தது, மேற்கே மக்கள் கூடும் நீண்ட மண்டபம் இன்னும் கட்டப்படவே இல்லை. அந்தப் பக்கம் வெறும் வெளி. எந்தக் கொத்தனாரைக் கேட்டாலும், முதலில் மண்டபத்தைக் கட்டுங்கள் சாமி என்றுதான் சொல்லியிருப்பார். 1573 ஏப்ரல் 30, இயேசு விண்ணேறிய திருநாள். மக்கள் ஊர்வலமாக வெளியே போயிருந்த நேரத்தில் கோபுரம் சரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை.

பாரிஸ் போகிறவர்கள் எல்லாரும் நோத்ர தாம் வாசலில் வரிசையில் நிற்கிறார்கள். 2019இல் எரிந்து, 2024 டிசம்பரில் மறுபடி திறந்திருக்கிறது, நிற்கத்தான் வேண்டும். எனக்கென்னவோ போவேதான் கோதிக்கின் உண்மையான பாடசாலை. உள்ளே போனால் இன்றும் பெரிய மரச் சட்டங்கள் தூண்களைத் தாங்கிப் பிடித்திருப்பதைப் பார்க்கலாம். அதற்கப்புறம் மண்டபம் கட்டப் பணமே கிடைக்கவில்லை. அது வரவேண்டிய இடத்தில், இடித்துத் தள்ள நினைத்திருந்த ஆயிரம் ஆண்டுப் பழைய குட்டித் தேவாலயத்தின் ஒரு பகுதி, தடித்த சுவரும் சின்ன ஜன்னலுமாக இன்னும் உட்கார்ந்திருக்கிறது.