குளம்பு விலங்குகளின் எலும்பைப் படிக்கும் வேலை

[காட்சி: உள்ளங்கையில் அடங்கும் ஓர் எலும்பு. விரல்கள் அதை மெல்லத் திருப்புகின்றன.]

இது ஆஸ்ட்ராகலஸ், கணுக்கால் எலும்பு. மேலும் கீழும் கப்பி மாதிரிப் பள்ளம் விழுந்திருக்கிறதா? அப்படியானால் பன்றி, மான், ஒட்டகம், மாடு சேர்ந்த இரட்டைப்படைக் குளம்பி. மேலே மட்டும் கப்பி, கீழே ஏறக்குறையத் தட்டை என்றால் குதிரை, காண்டாமிருகக் கூட்டம். பாகிஸ்தானில் கிடைத்த ஆதித் திமிங்கிலங்களின் காலிலும் இதே இரட்டைக் கப்பி இருப்பதை 2001இல் வெளியான ஆய்வுகள் காட்டின. திமிங்கிலத்தின் வம்சத்தைச் சொல்ல ஒரு கணுக்கால் போதுமானதாக இருந்தது.

[காட்சி: அகழ்விடம்]

தொல்லுயிரியல் என்ற இந்தத் துறையைச் சொன்னதும் தொப்பியும் சுத்தியலும் நினைவுக்கு வரும். ஆண்டில் அந்த அகழ்வு வேலை பெரும்பாலும் சில வாரம்தான். எலும்பைச் சுற்றிப் பள்ளம் வெட்டி, காளான் போல மண்ணில் நிற்க விடுவார்கள். அதன்மேல் ஈரக் காகிதம் சில அடுக்கு, பிறகு பிளாஸ்டரில் தோய்த்த சாக்குத் துணிப் பட்டைகள். காகிதத்தை விட்டுவிட்டால் பிளாஸ்டர் எலும்பைப் பிடித்துக்கொள்ளும். பிரிக்கும்போது எலும்பின் மேல்தோலும் சேர்ந்து வரும். பட்டையை அடிப்பக்கம் வரை மடித்துக் கட்டாவிட்டால், கவிழ்க்கும்போது உள்ளே இருப்பதெல்லாம் கொட்டிவிடும்.

விரிசலுக்கு, அசிட்டோனில் கரைத்த பாரலாய்டு பி-72 என்ற பிசின். உள்ளே ஊறவேண்டும் என்றால் சுமார் 5 சதவீதக் கரைசல். எலும்பில் ஈரம் இருந்தால் வெள்ளைப் படலம் பூக்கும், காயும்வரை பொறுக்க வேண்டும். சூப்பர் குளூவை எடுக்காதீர்கள், பின்னால் திருத்த வேண்டுமானால் பிரியாது.

[காட்சி: பல்லின் அண்மைக் காட்சி]

மீதி நாளெல்லாம் பல்தான். உடலிலேயே கடினமான பொருள் எனாமல் என்பதால் எலும்பு மக்கிய இடத்திலும் பல் நிற்கும். கீழ்த்தாடையின் கடைசிக் கடைவாய்ப் பல்லின் உயரத்தை அகலத்தால் வகுத்தால், விலங்கு என்ன தின்றது என்பதற்கு ஒரு குறிப்பு கிடைக்கும். பொதுவாக, உயரமான பல் புல்லையோ மண் படிந்த தீவனத்தையோ தின்றவற்றுடையது. தேயாத பல்லைத்தான் அளக்க வேண்டும். தேய்ந்ததை அளந்தால் புல்மேய்வது இலைதின்னியாகிவிடும்.

புதியவர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடம் இன்னொன்று. மான், மாடு வகைகளின் கீழ்த்தாடையில் கடைசிப் பால்பல்லுக்கும் மூன்று மடல், மூன்றாம் கடைவாய்ப் பல்லுக்கும் மூன்று மடல். பால்பல்லில் எனாமல் மெலிது. கூடுதல் மடல் முன்பக்கம். கடைவாய்ப் பல்லில் அது பின்பக்கம். இதை மாற்றிப் படித்தால் ஒரு கன்று ‘புதிய குட்டை இனம்’ ஆகிப்போகும்.

படிப்பு? இளநிலையில் நிலவியல் அல்லது விலங்கியல், எதுவானாலும் மற்றதைச் சொந்தமாகப் படித்தே ஆக வேண்டும். முனைவர் பட்டம், அதன்பின் தற்காலிக ஆய்வுப் பணிகள். அருங்காட்சியக வேலைகள் மிகக் குறைவு. பலர் மருத்துவக் கல்லூரிகளில் உடற்கூறியல் நடத்தியபடி ஆய்வைத் தொடர்கிறார்கள், அது இரண்டாந்தர வழி அல்ல. சிடி ஸ்கேன் படங்களைக் கையாளுவதும் புள்ளியியலும் இப்போது தெரிந்தாக வேண்டும்.

[காட்சி: இழுப்பறைகள், பெயர்ச்சீட்டுகள்]

எது எந்த அடுக்கில் கிடைத்தது என்று எழுதாத எலும்பு அலங்காரப் பொருள்தான். ஜம்மு-காஷ்மீரின் கலாகோட்டில் நிலவியலாளர் ரங்க ராவ் சேகரித்த பாறைகள் அவர் மறைவுக்குப் பின்பும் பிரிக்கப்படாமல் கிடந்தன. பிறகு அவற்றை ஆராய்ந்த தொல்லுயிரியலாளர் தெவிசனின் குழு, சிறிய குளம்பு விலங்கான இண்டோஹியஸின் காதுக் குமிழில் (நடுக்காதைச் சூழும் எலும்பு) திமிங்கிலத்துக்கே உரிய தடித்த சுவரைக் கண்டு 2007இல் வெளியிட்டது.