பயர்பாக்ஸுக்கு ஒரு பேட்ச் அனுப்புவது எப்படி?

நேயர்களுக்கு வணக்கம். பிரவுசரில் ஒரு குறை கண்ணில் படுகிறது. மூல நிரல் திறந்தே கிடக்கிறது. நாமே திருத்தலாமா? தாராளமாக. திருத்திய வரிகளின் தொகுப்பைத்தான் பேட்ச் என்கிறோம். அதை நம் கணினியோடு வைத்துக்கொண்டால் மட்டும் போதாது. அடுத்தடுத்த பதிப்புகளில் சுற்றியுள்ள வரிகள் மாறிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு முறையும் பேட்சை மறுபடி பொருத்த வேண்டியிருக்கும். மூலத்திலேயே சேர்த்துவிட்டால் அந்தப் பாடு இல்லை, எல்லோருக்கும் பயனும் உண்டு. பயர்பாக்ஸை வைத்தே வழியைச் சொல்கிறேன்.

முதலில் பயர்பாக்ஸின் பிழைகளைப் பதியும் தளமான பக்ஸில்லாவில் தேடுங்கள். அதே குறையை யாராவது பதிந்திருக்கக்கூடும். புதியவர்களுக்கென்று ‘குட் ஃபர்ஸ்ட் பக்’ எனக் குறியிட்ட பிழைகளும் அங்கே உண்டு.

நிரலை இறக்கியபின் ‘மாக் பூட்ஸ்ட்ராப்’ (mach bootstrap) கட்டளை கொடுத்தால் தேவையான கருவிகள் வந்துவிடும். எந்த வகை பில்ட், அதாவது நிரலிலிருந்து இயங்கும் பிரவுசரைக் கட்டும் முறை, வேண்டும் என்றும் அது கேட்கும். ஆர்ட்டிஃபாக்ட் வகையில் சி ப்ளஸ் ப்ளஸ், ரஸ்ட் பகுதிகள் ஆயத்தமாகவே இறங்கும். ஜாவாஸ்கிரிப்ட், சிஎஸ்எஸ் மாற்றங்களுக்கு இதுவே போதும், நேரமும் வெகுவாக மிச்சம். ஆனால் இந்த வகையில் சி ப்ளஸ் ப்ளஸ் கோப்பைத் திருத்தினால் பில்ட் ஒழுங்காக முடியும், பிரவுசரில் எதுவும் மாறியிருக்காது. அதற்கு முழு பில்ட்தான் வேண்டும்.

பேட்சோடு, அதைத் தானாகச் சோதிக்கும் ஒரு டெஸ்ட் நிரலும் எழுதுங்கள். திருத்தத்தை நீக்கினால் அது தோற்க வேண்டும், சேர்த்தால் ஜெயிக்க வேண்டும். அரை நொடி காத்திருந்து பார்க்கும் டெஸ்ட் உங்கள் கணினியில் ஓடும். சுமை மிகுந்த சோதனைக் கணினியில் சில சமயம் கவிழும். இந்த ‘சில சமயம்’தான் பராமரிப்பவர்களை வதைக்கிறது. நேரத்தை நம்பாமல், குறிப்பிட்ட ஈவென்ட் நிகழும்வரை காத்திருக்கச் செய்யுங்கள்.

திரையில் தெரியும் வாசகத்தின் பொருளை மாற்றினால், திரை வாசகங்களைத் தொகுத்து வைக்கும் எஃப்டிஎல் (.ftl) கோப்பில் அதன் அடையாளப் பெயரையும் மாற்றியாக வேண்டும். பழைய பெயரையே விட்டுவைத்தால் மொழிபெயர்ப்பாளர்களுக்கு மாற்றம் தெரியவராது; மற்ற மொழிகளில் பழைய பொருளே நின்றுவிடும். நிரலாளர்கள் கவனிக்கத் தவறுவதும், பயனர்களுக்கு நேரடியாக உறுத்துவதும் இதுதான்.

மாற்றத்தைப் பதிவுசெய்வதே கமிட். அதோடு எழுதும் கமிட் செய்தி ‘பக்’ (Bug) என்ற சொல்லோடும் பிழை எண்ணோடும் தொடங்கட்டும்; பிறகு என்ன மாற்றினீர்கள் என்று ஒரு வரி, கடைசியில் ரிவ்யூவரின், அதாவது பேட்சைச் சரிபார்ப்பவரின், பெயர். நிரலின் நடைப் பிழைகளைக் காட்டும் ‘மாக் லின்ட்’ (mach lint) ஓட்டிவிட்டு, ‘மோஸ்-ஃபேப் சப்மிட்’ (moz-phab submit) கட்டளையால், பேட்ச்களைச் சரிபார்க்கும் தளமான ஃபேப்ரிகேட்டருக்கு அனுப்புங்கள். போகிற போக்கில் பக்கத்து வரிகளை அழகுபடுத்த வேண்டாம். ரிவ்யூவர் எது திருத்தம், எது ஒப்பனை என்று பிரித்துப் பார்த்தே களைத்துப்போவார்.

ரிவ்யூவர் திருத்தம் கேட்டால் புதிய கமிட் போடாமல் பழையதையே மாற்றி எழுதுங்கள் (அமெண்ட்). செய்தியில் தானாகச் சேர்ந்திருக்கும் ‘டிஃபரென்ஷியல் ரிவிஷன்’ வரியை அழித்தால் அது வேறொரு பேட்சாகவே பதிவாகும். வெகுநாள் பதில் வராவிட்டால் பக்ஸில்லாவில் பதில் வேண்டும் என்று காட்டும் ‘நீட் இன்ஃபோ’ குறியிட்டுப் பணிவாகக் கேளுங்கள், தவறில்லை.

நிரலில் சேர்க்கும் முன், மொஸில்லாவின் சோதனை சர்வரான ட்ரை சர்வரில் வெவ்வேறு இயங்குதளங்களில் சோதித்துப் பார்க்கலாம். உங்களுக்கு அந்த அனுமதி இல்லையென்றால் ரிவ்யூவரிடமே கேளுங்கள். ஒப்புதல் கிடைத்ததும், பேட்சை மூல நிரலில் சேர்க்கும் கருவியான லேண்டோ வழியாக நிரலில் சேரும். சேர்ந்தபின் ஏதாவது டெஸ்ட் உடைந்தால் உடனே திரும்ப எடுத்துவிடுவார்கள். அதை நிராகரிப்பாக நினைக்க வேண்டாம். உடைந்த டெஸ்டின் லாகுக்கு (ஓட்டப் பதிவுக்கு) இணைப்பு பக்ஸில்லாவின் அந்தப் பிழைப் பதிவிலேயே தரப்பட்டிருக்கும். அதைப் படித்துத் திருத்தி, அதே பேட்சை மறுபடி அனுப்பலாம். நன்றி, வணக்கம்.