20 ரூபாய் பார்க்கிங் தி.நகர் வியாபாரத்தைக் கெடுக்குமா?

[திரையில்: பனகல் பார்க், தீபாவளி நேரத்து ஞாயிறு மாலை]

அந்த வெள்ளைக் காரைப் பாருங்கள். பார்க்கைச் சுற்றி மூன்றாவது ரவுண்டு. "நீங்க இறங்கிக் கடைக்குப் போங்க, நான் வண்டியப் போட்டுட்டு வரேன்" என்கிறார் ஓட்டுபவர். அவர் வருவதற்குள் புடவை எடுத்து முடித்துவிடுவார்களா? தி.நகரில் அது நடக்காது. பாதி அலமாரிதான் இறங்கியிருக்கும்.

பார்க்கிங்குக்குக் காசு வாங்கினால் வியாபாரம் படுத்துவிடும் என்பது கடைக்காரர்களின் பயம். ஆனால் கடை வாசலில் நிற்பது யார் வண்டி? காலை 10 மணிக்கு ஷட்டர் தூக்கும்போதே வந்து நிற்பவற்றில் கடைக்காரருடையதும் ஊழியர்களுடையதும் உண்டு. அப்படி ஒரு கார் இரவு 9 மணி வரை நகரவில்லை என்றால் அந்த இடத்தில் வேறு யாரும் நிறுத்த முடியாது. மணிக்கு ஒரு கார் மாறினால் 11 குடும்பங்கள் வந்துபோகலாம். கட்டணத்தின் வேலையே வண்டியை நகர வைப்பதுதான்.

[திரையில்: பசடேனா, அமெரிக்கா]

இங்கேயும் இதே சண்டை நடந்தது. பழைய கடைவீதியில் பார்க்கிங் மீட்டர், அதாவது நிறுத்தும் நேரத்துக்குக் காசு வாங்கும் கருவி, வைக்க வியாபாரிகள் ஒத்துக்கொள்ளவில்லை. வசூலாகும் பணம் அதே வீதியின் நடைபாதைக்கும் துப்புரவுக்கும்தான் என்று உறுதி கொடுத்த பிறகு சம்மதித்தார்கள். 1993-ல் மீட்டர் வந்தது. மணிக்கு ஒரு டாலர். கூட்டம் குறையவில்லை, பெருகியது.

நம் ஊருக்கு வருவோம். மாநகராட்சி ஸ்மார்ட் பார்க்கிங் கொண்டுவந்தபோது காருக்கு மணிக்கு 20 ரூபாய், பைக்குக்கு 5 ரூபாய். பட்டுப்புடவை பில்லுக்கு முன்னால் இது ஒரு காசா? ஆனால் மாத்திரை வாங்க ஐந்து நிமிடம் பைக்கை நிறுத்துபவருக்கு எரிச்சல் வரும். அடுத்த முறை வேறு கடைக்குப் போய்விடுவார். முதல் கால் மணி நேரத்தை இலவசமாக விட்டால் என்ன குறைந்துவிடும்? செவ்வாய்க்கிழமை காலைக்கும் தீபாவளி ஞாயிறுக்கும் ஒரே ரேட் என்பதும் சரியில்லை. சான் பிரான்சிஸ்கோவில் 2011-லேயே கூட்டத்தைப் பார்த்து ரேட்டை ஏற்றி இறக்கிக் காட்டினார்கள்.

அப்புறம், பார்க்கிங் காசு வசூலிக்க வந்து, ரசீது கேட்டால் முறைக்கும் ஆசாமி. அவரிடம் கொடுத்த காசு எங்கே போகிறது என்று தெரியாதவரை எந்தக் கட்டணமும் மக்களுக்குக் கசக்கத்தான் செய்யும்.

[திரையில்: ரங்கநாதன் தெரு]

இங்கே காரே நுழைய முடியாது. கால் வைக்கவும் இடமில்லை. மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி வரும் கூட்டம் இது. ஸ்டேஷனையும் பஸ் நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாதை 2023-ல் திறந்தது. இவர்களுக்கு பார்க்கிங் ரேட் ஒரு செய்தியே இல்லை.

தணிகாசலம் சாலையில் 200-க்கும் மேற்பட்ட கார்கள் நிற்கும் அடுக்குமாடி பார்க்கிங் இருக்கிறது. பக்கத்துத் தெருவில், யாரோ ஒருவர் வீட்டு கேட்டுக்கு முன்னால், ஓசியில் நிறுத்த முடிகிறவரை யார் அங்கே போவார்? தெருவில் ரேட் கூடுதலாகவும் மாடியில் குறைவாகவும் இருக்க வேண்டும். பக்கத்துத் தெருக்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் வண்டி உள்ளே போகும்.