கொடுத்தவருக்குச் சொல்ல வேண்டிய கணக்கு

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செய்யாறு, வந்தவாசி, ஆரணி பக்கத்தில் பங்குனி, சித்திரை வந்துவிட்டால் திரௌபதி அம்மன் கோவில்களில் பாரதம் தொடங்கிவிடும். பிற்பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. பத்து நாள் நடத்துகிற ஊரும் உண்டு, இருபது நாள் நடத்துகிற ஊரும் உண்டு. வில்வளைப்பு, துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம் என்று ஒவ்வோர் இரவும் ஒரு கதை நடக்கும். கடைசியில் மண்ணால் செய்த துரியோதனன் தரையில் மல்லாந்து கிடக்க, போரின் முடிவைக் காட்டும் படுகளம். ஆயிரம் பேர் விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிறார்கள். ஒருவரிடமும் டிக்கெட் கேட்பதில்லை.

அப்படியானால் இதற்கு யார் பணம் கொடுக்கிறார்கள்? ஊர் கொடுக்கிறது. வீட்டுக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போடுகிறார்கள். அது போதாத இடத்தில் உபயதாரர்கள் வருகிறார்கள். முதல் நாள் கூத்து ஒரு குடும்பத்தின் உபயம், தபசு நாள் இன்னொரு குடும்பத்தின் உபயம், மின்விளக்கு பெங்களூரில் வேலை பார்க்கும் இளைஞர்களின் உபயம். கூத்துக் குழுவின் தலைவரான வாத்தியாரை அழைத்துத் தாம்பூலம் வைத்து முன்பணம் கொடுக்கும்போது, அந்தத் தட்டில் எத்தனையோ வீட்டுக் காசு கலந்திருக்கிறது.

நான் இந்த வட்டாரத்தில் ஒரு கூத்து மன்றத்துக்குச் செயலாளராக இருக்கிறேன். வேஷம் கட்டியதில்லை, முகவீணை ஊதத் தெரியாது. கணக்கு எழுதுவதும் கடிதம் எழுதுவதும் என் வேலை. அந்த இடத்திலிருந்து பார்த்ததைத்தான் இன்று பேசப்போகிறேன். கலைக்குப் பணம் கேட்பது எப்படி என்று எல்லோரும் பேசுகிறோம். கொடுத்தவருக்கு நன்றி சொல்வது எப்படி என்பதைப் பற்றி ஏனோ பேசுவதே இல்லை.

கூத்துக்குள்ளேயே அதற்கு ஒரு வழி இருக்கிறது. ஒருவர் எழுந்து வந்து நூறு ரூபாயை வேஷக்காரரின் உடையில் குத்துகிறார் அல்லது கூத்தை அறிவித்து நடத்திச் செல்லும் கட்டியங்காரன் கையில் கொடுக்கிறார். உடனே கட்டியங்காரன் ஆட்டத்தை நிறுத்தி, இன்ன ஊர், இன்னாருடைய குமாரர் இன்னார், நம் கர்ணன் பாடிய பாட்டை மெச்சி ரூபாய் நூறு அன்பளிப்புச் செய்திருக்கிறார், அவர் குடும்பமும் ஆடுமாடும் விளைச்சலும் பெருகி வாழ வேண்டும் என்று மைக்கில் சொல்வார். மேளம் ஒரு தட்டுத் தட்டி அதை ஆமோதிக்கும். பிறகு ஆட்டம் தொடரும்.

இதை வெறும் விளம்பரம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த அறிவிப்பில் என்னென்ன இருக்கின்றன என்று பாருங்கள். கொடுத்தவரின் ஊர் இருக்கிறது, அவர் தகப்பன் பெயர் இருக்கிறது, எதற்காகக் கொடுத்தார் என்பது இருக்கிறது. அவர் கேட்ட அந்தப் பாட்டு பெயரோடு இருக்கிறது. நூறு ரூபாய்க்கும் ஆயிரம் ரூபாய்க்கும் ஒரே வாழ்த்து. கொடுத்த ஐந்து நிமிடத்துக்குள் நன்றி வந்து சேர்ந்துவிடுகிறது. நகரத்தில் ஒரு நாடகக் குழுவுக்கு ஐம்பதாயிரம் கொடுத்துவிட்டு அச்சடித்த ரசீதுக்காக மாதக்கணக்கில் காத்திருக்கும் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள், கட்டியங்காரன் எவ்வளவு பெரிய வேலை செய்கிறான் என்று தெரியும்.

ஆனால் ஒரு விஷயத்தில் நான் வாத்தியார்களோடு பிடிவாதமாக நிற்கிறேன். நேரம் காலம் பார்க்காமல் அறிவிக்கக் கூடாது. கர்ணன் அடிபட்டுக் கிடக்கிறான். கிழ வேதியனாகக் கண்ணன் வந்து நிற்கிறான். செய்த தர்மத்தின் பலனையெல்லாம் கர்ணன் தாரை வார்க்கப் போகிறான். கொடை என்றால் என்ன என்று ஊருக்கே காட்டுகிற கட்டம் அது. அந்த நேரத்தில் பாட்டை வெட்டி இன்னார் நூறு ரூபாய் என்று சொன்னால், கொடுத்தவருக்கே அது மரியாதை ஆகாது. துகிலுரிதலும் அப்படித்தான். அங்கே பெண்கள் கர்ப்பூரம் ஏற்றிக் கைகூப்பி நிற்பார்கள். எங்கள் மன்றத்தில் இப்போது ஒருவர் ஆடுகளத்தின் ஓரமாக நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து வருகிற அன்பளிப்பை எழுதிக்கொள்கிறார். ஒரு காட்சி முடிந்து, அடுத்த வேஷம் திரைக்குப் பின்னால் வந்து நிற்கும் இடைவெளியில் கட்டியங்காரன் எல்லாப் பெயரையும் நிதானமாகப் படிக்கிறான். முதலில் சிலருக்கு மனவருத்தம் இருந்தது. கர்ண மோட்சத்தை இடைவெட்டு இல்லாமல் ஒரு முறை பார்த்த பிறகு அவர்களே மற்றவர்களுக்குச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

நேயர்களே, நன்றி சொல்வதில் இந்த மாவட்டத்துக்கு மிகப் பழைய பெருமை ஒன்று இருக்கிறது. பத்துப்பாட்டில் மலைபடுகடாம் என்றொரு பாட்டு உண்டு. கூத்தராற்றுப்படை என்று அதற்கு இன்னொரு பெயர். நன்னன் என்ற குறுநில மன்னனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் கூத்தன் ஒருவன், வழியில் கண்ட இன்னொரு கூத்தனை அவனிடம் அனுப்பி வைப்பதாகப் பெருங்கௌசிகனார் பாடியது. நன்னனின் செங்கண்மா இன்றைக்குத் திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் என்கிறார்கள். சேயாறும் அந்தப் பாட்டில் வருகிறது.

583 அடி நீளும் அந்தப் பாட்டில் நன்னனைப் புகழ்வது ஒரு பங்குதான். எந்த வழியில் போக வேண்டும், எந்த இடத்தில் கால் வழுக்கும், எந்தக் குடியில் என்ன சோறு கிடைக்கும், காவலர்கள் எதிர்ப்பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அடுக்கடுக்காகச் சொல்லிக்கொண்டே போகிறது. பரிசு பெற்ற கூத்தன் நன்றியை நன்னனிடம் நேராகச் சொல்லி முடித்துக்கொள்ளவில்லை. தன் போல் பசித்திருக்கும் இன்னொரு கூத்தனிடம், கண்டது கேட்டது தின்றது எல்லாவற்றையும் விவரமாகச் சொல்கிறான். அந்த விவரத்தால்தான் நன்னன் இன்றும் நம்மோடு இருக்கிறான்.

இதற்கு எதிர்ப்பக்கமாக ஒன்று. தஞ்சைப் பெரிய கோவிலில் ராஜராஜேசுவர நாடகம் என்று ஒரு நாடகம் நடந்திருக்கிறது. அதை வைகாசி விழாவில் ஆடுவதற்காக ஆண்டுக்கு 120 கலம் நெல் கொடுத்ததைக் கல்வெட்டு சொல்கிறது. ஆடியவர் பெயர் இருக்கிறது, நெல்லின் அளவு இருக்கிறது. நாடகம் நம் கைக்கு வரவில்லை. அதில் என்ன பாட்டு, யார் என்ன வேஷம் கட்டினார்கள், பார்த்தவர்கள் எங்கே அழுதார்கள், ஒன்றும் தெரியாது. நன்கொடைப் பலகைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கல்வெட்டு நினைவுக்கு வருகிறது. தொகை இருக்கிறது, அந்தத் தொகை என்ன ஆயிற்று என்பது இல்லை.

ஆகவே நாங்கள் எழுதும் கடிதத்தில் ஒரு விதி வைத்திருக்கிறோம். தங்கள் மேலான ஆதரவுக்கு மனமார்ந்த நன்றி என்ற வரியோடு கடிதம் முடியக் கூடாது. பணம் எந்தப் பொருளாக ஆயிற்று என்று எழுத வேண்டும். உதாரணமாக இப்படி எழுதுவோம். “ஐயா, தாங்கள் தை மாதம் அனுப்பிய தொகையில் துரியோதனனுடைய கிரீடத்தையும் புஜக்கட்டையையும் புதிதாகச் செய்தோம். கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கியது, அதனால் எடை குறைவு. பழைய கிரீடம் கனத்து வேஷக்காரருக்குக் கழுத்து வலி வந்துகொண்டிருந்தது. இப்போது விடியும் வரைக்கும் தலையை நிமிர்த்தி ஆடுகிறார். சித்திரையில் பக்கத்து ஊரில் பதினெட்டாம் போர் நடக்கிறது. வந்து பார்க்க வேண்டும்.” இவ்வளவுதான் கடிதம். இதில் அடுத்த ஆண்டுக்கான வேண்டுகோள் இல்லை. நன்றிக் கடிதத்தின் அடியிலேயே அடுத்த தொகையைக் கேட்பது எனக்குப் பிடிக்காது. கேட்க வேண்டியதை வேறொரு நாளில் வேறொரு கடிதத்தில் கேட்கலாம்.

பணமாகக் கொடுப்பவர்கள் மட்டும் உபயதாரர்கள் அல்லர். வேஷக்காரர், மேளக்காரர், பின்பாட்டு எல்லாம் சேர்ந்து பதினைந்து பேர் ஒரு ஊருக்குப் போய் இறங்கினால் அவர்களுக்குச் சோறு போட வேண்டும். படுக்க இடம் வேண்டும். வேஷம் கட்டும் கொட்டகைக்கு ஓலை வேண்டும். அரிதாரம் குழைக்கத் தேங்காய் எண்ணெய் வேண்டும். இதெல்லாம் ஏதாவது ஒரு வீட்டிலிருந்து வருகிறது, பெயர் எங்கேயும் எழுதப்படுவதில்லை. ஒரு மூதாட்டி ஆண்டுதோறும் ஒரு மரக்கால் அரிசி அளந்து கொடுக்கிறார். மறுநாள் காலையில் வாத்தியாரைப் பார்த்ததும் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான். “வாத்தியாரே, அரிசி நன்றாக வெந்ததா?” வாத்தியாரும் அரிதாரம் கலைக்காத முகத்தோடு நின்று, “வெந்தது ஆயா. இரண்டாம் சாமத்துக்குக் கஞ்சியும் அதில்தான் வைத்தோம்” என்பார். அந்த அம்மாளுக்குத் தேவையான நன்றி அந்தப் பதிலில் முழுமையாக இருக்கிறது. அந்தப் பெயரையும் கட்டியங்காரன் படிக்கும் நோட்டில் ஏற்றியிருக்கிறோம். தொகைக்கான பத்தியில் ஒரு மரக்கால் அரிசி என்று எழுதியிருக்கிறது.

நகரத்து ஆதரவாளர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்கள் பெரும்பாலும் கூத்தை அரங்கத்தில் பார்த்தவர்கள், ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கியது. அவர்களுக்கு நினைவுப் பரிசு, பொன்னாடை எல்லாம் வீட்டில் நிறைய இருக்கும். அவர்களுக்கு நாம் தரக்கூடியது ஓர் இரவு. மாலையிலேயே வரவழைத்து, வேஷம் கட்டும் இடத்தில் ஓரமாக உட்கார வைத்து, முகத்தில் ஒவ்வொரு நிறமாக ஏறி ஒரு விவசாயக் கூலி துரியோதனனாக மாறுவதைக் காட்ட வேண்டும். பிறகு ஊர் ஜனங்களோடு பாயில் உட்கார வைக்க வேண்டும். முன்வரிசையில் நாற்காலி போட வேண்டியதில்லை. செய்யாறு வட்டத்துப் புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் நினைவாக ஆண்டுதோறும் விழா நடக்கிறது. சென்னையிலிருந்து வருகிறவர்களும் ஊர்க்காரர்களும் ஒரே தெருவில் கலந்து உட்கார்ந்து கூத்தும் நவீன நாடகமும் பார்க்கிறார்கள். அப்படி ஓர் இரவு உட்கார்ந்தவரை அடுத்த ஆண்டு நாம் தேடிப் போக வேண்டிய அவசியம் இருப்பதில்லை. எப்போது விழா என்று அவரே தொலைபேசியில் கேட்கிறார்.

சில நடைமுறை விவரங்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பல கூத்து ஜமாக்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, இவை தெரியவில்லை. மன்றத்தை முறையாகப் பதிவு செய்து வருமான வரித் துறையிடம் 80ஜி சான்று வாங்கியிருந்தால், பழைய வரிமுறையில் வரி கட்டும் நன்கொடையாளர் அந்தத் தொகைக்கு வரிச்சலுகை கேட்கலாம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடையாது, ஆகவே காசோலையோ வங்கி வழியோ நல்லது. வளைகுடாவில் வேலை செய்யும் நம் ஊர்ப் பிள்ளை இந்தியக் குடிமகனாகவே இருந்து தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் வரும், அதற்கு மத்திய அரசின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். இன்னொன்று, 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணிகளின் பட்டியலில் மரபுக் கலைகளின் வளர்ச்சியும் இருக்கிறது. நம் வட்டாரத்துத் தொழிற்பேட்டைகளில் அப்படிப்பட்ட நிறுவனங்கள் இருக்கின்றன. அவர்களிடம் போகும்போது கூனிக்குறுகி நிற்க வேண்டியதில்லை. தணிக்கை செய்த கணக்கை எடுத்துக்கொண்டு நிமிர்ந்து போகலாம்.

நிறுவனத்தார் எத்தனை பேர் பயன் பெற்றார்கள் என்று எண்ணிக்கை கேட்பார்கள். உண்மையான எண்ணைக் கொடுத்துவிட்டு, கேட்ட அதிகாரியையே ஓர் இரவு அழைத்து வாருங்கள் என்று மற்ற மன்றத்தாரைக் கேட்டுக்கொள்கிறேன். திரையில் பெயர் போட வேண்டும் என்று கேட்டால் மட்டும் இணங்காதீர்கள். திரை பிடிக்க இரண்டு பேர் நிற்கிறார்கள், அதற்குப் பின்னால் ஒரு வேஷம் நின்று திரை விருத்தம் பாடுகிறது, திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி மட்டும் தெரிகிறது. அந்தத் துணியில் கம்பெனியின் பெயர் இருந்தால் ஜனங்கள் அதைத்தான் படிப்பார்கள். மைதானத்தின் நுழைவாயிலில் எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் எழுதிவையுங்கள். ஆடுகளத்தை விட்டுவிடுங்கள். இதை அன்போடும் காரணத்தோடும் சொன்னால் புரிந்துகொள்கிறார்கள்.

ஐப்பசியும் கார்த்திகையும் மழைக்காலம். கூத்து இருக்காது. கலைஞர்கள் வயலுக்கும் செங்கல் சூளைக்கும் வேலைக்குப் போவார்கள். வருமானம் இல்லாத மாதங்கள் அவை. நாங்கள் கடிதங்களை எழுதுவது அந்த மாதங்களில்தான். வாத்தியார் வீட்டுத் திண்ணையில் நோட்டை விரித்து, ஒவ்வொரு பெயராகப் படித்து, அந்தக் காசு எந்த வேஷத்துக்கு, எந்த மேளத்தின் தோலுக்கு, எந்த வண்டி வாடகைக்குப் போனது என்று ஜமா முழுவதும் சேர்ந்து சொல்ல, நான் எழுதுகிறேன். இளம் வேஷக்காரர்களும் அப்போது உடன் இருக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். தன் தலையில் இருக்கும் கிரீடத்தை யார் கொடுத்தார்கள் என்று அந்தப் பையனுக்குத் தெரிய வேண்டும்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் யாராவது எப்போதாவது ஒரு கூத்துக்கோ நாடகக் குழுவுக்கோ நூறு ரூபாய் கொடுத்திருந்தால், அவர்களிடம் போய் அது என்ன ஆயிற்று என்று கேளுங்கள். தயங்காதீர்கள். அப்படிக் கேட்பவர்கள் எங்களுக்கு வேண்டும்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.