வீட்டுக் கணினிக்கு ஹெட்போன் வாங்கப் போகிறீர்களா?

[திரையில்: டெஸ்க்டாப் கணினியின் பின்பக்கம்]

வணக்கம். ஹெட்போன் தேட ஆரம்பிப்பதற்கு முன்னால், அதை உங்கள் கணினியில் எங்கே செருகப் போகிறீர்கள் என்று பாருங்கள். டெஸ்க்டாப் என்றால் பின்னால் பச்சையில் ஒரு துளை, இளஞ்சிவப்பில் ஒரு துளை இருக்கும். பச்சை கேட்பதற்கு, இளஞ்சிவப்பு மைக்குக்கு. இப்போதைய லேப்டாப்களில் பெரும்பாலும் இரண்டுக்கும் ஒரே துளைதான்.

[திரையில்: இரண்டு பின்கள், அருகருகே]

இனி ஹெட்போன் பின்னில் உள்ள வளையக் கோடுகளை எண்ணுங்கள். இரண்டு கோடு என்றால் கேட்க மட்டும். மூன்று என்றால் மைக்கும் சேர்ந்தது. மூன்று கோடு உள்ள பின்னைப் பச்சைத் துளையில் செருகினால் பாட்டு கேட்கும். நீங்கள் பேசுவதுதான் யாருக்கும் கேட்காது. மைக் கெட்டுப்போகவில்லை. ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் வயர் போதும். சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி தெருவில் கேட்டு வாங்கலாம்.

சரி, புளூடூத்துக்கு வருவோம். இந்த வீடியோ எடுத்ததே இதைச் சொல்லத்தான்.

என் அக்கா மகளுக்கு ஆன்லைன் வகுப்புக்காக நல்ல விலை கொடுத்து ஒரு புளூடூத் ஹெட்போன் வாங்கினோம். பாட்டு அருமையாகக் கேட்டது. வகுப்பு தொடங்கியதும் ஆசிரியரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஆகிவிட்டது. இரண்டு வாரம் இன்டர்நெட்டைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

[திரையில்: ஒருவழிப் பாதை, இருவழிப் பாதை வரைபடம்]

காரணம் வேறு. பாட்டு கேட்கும்போது புளூடூத் ஒருவழிப் பாதை. முழு அகலமும் ஸ்டீரியோ ஒலிக்கே. ஹெட்போனின் மைக்கைத் திறந்த நொடியில் அது போன் பேசுவதற்கான இருவழிப் பாதைக்கு மாறிவிடும். ஸ்டீரியோ போய்விடும். சிடியில் ஒலி நொடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது என்றால், இதில் 16,000 முறை, பழைய கருவிகளில் 8,000 முறை மட்டுமே. அளக்கும் எண்ணிக்கையில் பாதி வரையிலான அதிர்வுகளைத்தான் பிடிக்க முடியும். 8,000 என்றால் 4,000 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 4,000 அதிர்வு) மேலுள்ள ஒலியே வராது. ‘ஸ’ ஒலியின் வலு பெரும்பாலும் அதற்கு மேல்தான் இருக்கிறது. பேச்சு தெளிவில்லாமல் போவது அதனால்தான்.

புளூடூத் ஏற்கெனவே வாங்கியிருந்தால் பணம் வீணாகிவிட்டதே என்று வருந்தாதீர்கள். மீட்டிங்கின் ஒலி அமைப்பில் மைக்காக லேப்டாப்பின் மைக்கையே தேர்ந்தெடுங்கள். ஹெட்போன் கேட்க மட்டும் இருக்கட்டும், குரல் பளிச்சென்று ஆகிவிடும். எல்.இ. ஆடியோ என்ற புதிய புளூடூத் முறையில் இந்தக் குறை தீர்கிறது. ஆனால் கணினி, ஹெட்போன் இரண்டிலும் அந்த வசதி இருக்க வேண்டும். புதிதாக வாங்குபவர்களுக்கு நான் சொல்வது வயர் உள்ளதுதான். மேசை முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு வயர் ஒரு சுமை இல்லை, சார்ஜ் போடும் வேலையும் மிச்சம்.

[திரையில்: ஹெட்போன் பெட்டியில் ‘ஓம்’ எண்]

வாங்கும்போது ஓம் எண்ணைப் பாருங்கள். ஹெட்போனின் மின்தடையைச் சொல்லும் எண் அது. பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ என்ற ஹெட்போன் 32, 80, 250 ஓம் என்று மூன்று விதமாக வந்திருக்கிறது. 250 ஓம் ஸ்டூடியோக் கருவிகளுக்கானது. நேராகக் கணினியில் செருகினால் சத்தம் போதாமல் போகலாம். வீட்டுக்கு 32 ஓம் அளவே வசதி. ‘5 முதல் 40,000 ஹெர்ட்ஸ்’ என்ற எண்ணுக்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம். மனிதக் காதுக்கு எட்டுவது ஏறத்தாழ 20 முதல் 20,000 வரைதான், வயது ஏற ஏற மேல் எல்லை இன்னும் இறங்கும்.

அப்புறம், மூடியதா திறந்ததா? காதுக் கிண்ணத்தின் வெளிப்பக்கம் திறந்த ஹெட்போனில் இசை விரிவாகக் கேட்கும், காதும் அவ்வளவு வியர்க்காது. ஆனால் குக்கர் விசிலும் உள்ளே வரும், உங்கள் பாட்டும் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும். நான் மூடியதைத்தான் சொல்வேன். வெளிச்சத்தம் குறைந்தால் வால்யூமைக் கூட்டத் தோன்றாது. வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம் என்பது உலக சுகாதார அமைப்பு பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு. 90 டெசிபல் என்றால் அது வெறும் 4 மணி நேரம்.

வியர்வையில் ரெக்சின் குஷன் சீக்கிரம் உரிந்துவிடும். மாற்றுக் குஷன் தனியாகக் கிடைக்கிறதா, வயரைக் கழற்றி மாற்ற முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடி அணிபவர்கள் கண்ணாடியோடு பத்து நிமிடமாவது கடையிலேயே மாட்டிப் பாருங்கள். காதுக்கு மேல் வலித்தால் அதை அங்கேயே வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.