மாநகரோடு சேர்ந்த ஊராட்சிகள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

2011ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது, 9 நகராட்சிகளும் 8 பேரூராட்சிகளும் 25 ஊராட்சிகளும் அதனுள் கரைந்தன. இணைப்பு வேண்டியதே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே நகரத்தின் குப்பை பெருங்குடிக்குச் சென்று பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் குவிந்துகொண்டிருந்தது. கொட்டிய மாநகராட்சியைத் தேர்ந்தெடுக்கும் வாக்குரிமையோ பெருங்குடி மக்களுக்கு இல்லை. இணைப்பு அந்த வாக்கைத் தந்தது.

ஆனால், காரப்பாக்கமும் நீலாங்கரையும் ஊராட்சிகளாக இருந்தவரை அங்கே கிராம சபை கூடியது. வாக்காளர் எவரும் எழுந்து நின்று, குளத்தைத் தூர்வாரிய கணக்கைத் தலைவரிடமே கேட்கலாம். அந்தச் சபைகள் எல்லாம் ஒழுங்காக நடந்தன என்று சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள். இருந்தும், கேட்கும் உரிமை சட்டத்தில் இருந்தது. இணைந்த மறுநாள் அது போய்விட்டது. புதிய எல்லைக்குள் இருந்த மக்கள் 66 லட்சத்துக்கும் மேல், வார்டுகள் 200. ஓர் உறுப்பினருக்குச் சராசரியாக முப்பதாயிரம் பேருக்கு மேல். அந்த உறுப்பினர்களும் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து வெளியேற, அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளுக்கு மேலாக, தெருவிளக்குக்கும் மழைநீர் வடிகாலுக்கும் மக்கள் அதிகாரிகளிடம்தான் மனு கொடுக்க வேண்டியிருந்தது.

1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம், மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் வார்டு குழுக்கள் அமைய வேண்டும் என்கிறது. ஆனால் ஒரு குழுவின்கீழ் பல வார்டுகளைச் சேர்க்கவும் அது இடம் தருவதால், மண்டல அளவில் குழு அமைத்துச் சட்டத்தை நிறைவேற்றியதாகக் காட்டிவிட முடியும். வார்டு தோறும் குழுவும், அதன்கீழ் வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடும் பகுதி சபைகளும் என்ற விதிகள் தமிழ்நாட்டில் 2022இல்தான் வந்தன.

பகுதி சபை வந்தது நல்லதே. எனினும் செலவிடப் பணம் ஒதுக்கப்படாத சபை குறை கேட்கும் கூட்டமாகவே நின்றுவிடும். ஆகவே என் கோரிக்கை ஒன்றுதான்: ஒவ்வொரு வார்டிலும் திரளும் சொத்து வரியில் ஒரு பங்கை, எந்த வேலைக்கு முதலில் செலவிடுவது என்பதை அந்த வார்டின் பகுதி சபைகளே முடிவு செய்யும்படி விதிகளில் எழுத வேண்டும், வரி வருவாய் குறைந்த புறநகர் வார்டுகளுக்கு, மாநகராட்சி தன் பொது நிதியிலிருந்து அந்தப் பங்கை ஈடுகட்ட வேண்டும்.